சம்பளம் கூடுகிறது, கையில் மிஞ்சுமா?

வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயர்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு 31,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 14,000. அப்பா கட்டிய வீட்டில் இருப்பதால் வாடகை இல்லை. மகள் நான்காம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. பள்ளி விட்டு வந்ததும் அப்பா அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சுகிறது. இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 7.8 லட்சம் தருகிறேன் என்கிறது. மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 17,000, பராமரிப்பு 2,500, பத்து மாத அட்வான்ஸ். போகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 7.8 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 65,000 என்று மனதில் போட்டு வைத்திருப்பீர்கள். அந்தத் தொகை கைக்கு வராது. ஆஃபர் கடிதத்தோடு சம்பளப் பிரிப்பு அட்டவணை ஒன்று தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

பல நிறுவனங்கள் பிரிக்கிற முறையில் உங்கள் தொகையைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 32,500 என்று வைத்துக்கொண்டால் நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 3,900. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 1,560. ஆண்டுச் சம்பளத்தில் பத்து சதவீதத்தை ‘வேரியபிள் பே’ என்று எழுதியிருந்தால் மாதக் கணக்கில் 6,500. அது ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் வேலையையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்துத் தருவது. முழுதாக வரலாம், பாதியும் வரலாம். இந்த மூன்றும் போனால் 53,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 3,900, தொழில் வரி மாதக் கணக்கில் 208 (ஆண்டுக்கு உச்சவரம்பு 2,500), குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பது ஒரு 600. கைக்கு வருவது ஏறத்தாழ 48,300. வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம். புதிய வரிமுறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. ‘வாடகை ரசீது காட்டி வரியை மிச்சப்படுத்தலாம்’ என்று யாராவது சொன்னால், அது பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கான பேச்சு.

செலவுக்கு வருவோம். மதுரையில் இருவரும் சேர்ந்து 45,000 சம்பாதித்து 33,000 செலவு செய்கிறீர்கள். சென்னையில் புதிதாகச் சேர்வன: வாடகை 17,000, பராமரிப்பு 2,500, குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன், மாதம் 600, மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஸ்கூட்டரில் போய்வர பெட்ரோல் 900, இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளி வேன் 3,000, பள்ளிக் கட்டணம் கூடுவது மாதக் கணக்கில் 2,500, மின்கட்டணம் கூடுவது 1,200, ஊருக்குப் போய்வருவது சராசரியாக 2,500. கூட்டினால் 30,200. மதுரையில் இப்போது ஆகும் பெட்ரோல், வேன் செலவுக்கு 4,000 கழித்துக்கொள்ளுங்கள். சென்னைச் செலவு 59,200 ஆகிறது. உங்கள் ஒரு சம்பளத்தில் நின்றால் மாதம் 10,900 கையைக் கடிக்கும். இங்கே மிஞ்சுகிற அதே 12,000 அங்கேயும் மிஞ்ச வேண்டும் என்றால் 71,200 கைக்கு வர வேண்டும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தோடு பேசும்போது மனதில் இருக்க வேண்டியது இதுதான்.

ஆக, உங்கள் வீட்டில் இந்த மாற்றத்தைத் தீர்மானிப்பது உங்கள் வேலையைவிட உங்கள் மனைவியின் வேலை. அவருக்குச் சென்னையில் 18,000 சம்பளத்தில் வேலை கிடைத்தால் மாதம் 7,100 மிஞ்சும். ஆனால் தாத்தா பாட்டி காசில்லாமல் செய்துவந்த வேலைக்கு அங்கே டே-கேரில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 5,000 கொடுக்க வேண்டிவரும். மிச்சம் 2,100. பெரும்பாலான குடும்பங்கள் கணக்கில் எழுத மறப்பது இந்த ஒரு செலவைத்தான். போன பிறகு ஆறு மாதத்தில் மனைவி வேலையை விட நேர்வதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம்.

அதனால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடவில்லை. வேரியபிளாக வைத்த 6,500 ரூபாயை நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்துக்கு மொத்தத் தொகை மாறாது என்பதால் மொத்தத்தையே கூட்டிக் கேட்பதைவிட இது எளிதில் நடக்கும். நடந்தால் மிச்சம் 8,600. பி.எஃப். இரு பங்கும் சேர்த்து மாதம் 7,800 சேரும். இப்போது 1,800 வீதம் இரு பங்கும் 3,600 தான் சேர்கிறது என்றால், அங்கே கூடுவது 4,200. மொத்தம் 12,800. அதாவது மனைவிக்கும் வேலை அமைந்து, வேரியபிளும் நிலையானால்தான் மதுரைக்குச் சமமாக வருகிறீர்கள். அதற்குமேல் போவதற்குக் காரணம் அந்த வேலையிலேயே இருக்க வேண்டும்: இங்கே கிடைக்காத பொறுப்பு, இரண்டு மூன்று ஆண்டில் அடுத்த படி. அது இல்லையென்றால் எங்கள் கருத்து, இந்தத் தொகைக்குக் குடும்பத்தைக் கிளப்ப வேண்டாம்.

போவதென்று முடிவானால் எல்லோரும் ஒரே நாளில் லாரி ஏறாதீர்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் நீங்கள் மட்டும் சேர்ந்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டோடு பி.ஜி.யில் (மாதக் கட்டண விடுதி) தங்குங்கள். மாதம் 9,000, ஊருக்கு வந்துபோக 4,000 என்று வைத்தாலும், மனைவியின் 14,000 தொடர்ந்து வருவதால் மாதம் 16,000 வரை மிஞ்சும். பள்ளிகள் அடுத்த கல்வியாண்டுக்கு ஆசிரியர்களை நேர்காணல் செய்வதும் கோடைக்கு முன்பிருந்தே தொடங்கிவிடும். அவர் மதுரையில் இருந்தபடியே விண்ணப்பித்து, ஓரிரு முறை வந்து போகலாம். வேலை உறுதியான பிறகு மே மாதம் வீடு மாற்றுங்கள். அதற்குள் உங்கள் தகுதிகாண் காலம் எப்படிப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கையில் எவ்வளவு வேண்டும்? அட்வான்ஸ் 1,70,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 17,000, சாமான் ஏற்றிவர 25,000, பிள்ளைகள் பள்ளிச் சேர்க்கைக்கு 30,000. இதோடு இரண்டு மாதச் செலவு 1,18,400. மொத்தம் 3,60,400. நகையை அடகு வைத்து இதைப் புரட்டுவதாக இருந்தால் வட்டியையும் மாதச் செலவில் சேர்த்துக் கணக்கை மறுபடி போடுங்கள். பழைய நிறுவனத்தின் பி.எஃப். பணத்தை எடுத்து அட்வான்ஸ் கட்ட நினைக்கவே வேண்டாம். வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான அதே யு.ஏ.என்.-இல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி முடியாமல் எடுத்தால் வரியும் விழும், சேவைக் காலமும் அறுந்துபோகும்.

கேள்வி: விழுப்புரத்திலிருந்து வருகிறோம். அலுவலகம் நுங்கம்பாக்கம், சம்பளம் 40,000. கூடுவாஞ்சேரியில் 9,000-க்கு வீடு இருக்கிறது. அதே அளவு வீடு குரோம்பேட்டையில் 15,000. ரயில்தான் இருக்கிறதே, தூரத்தில் இருந்தால் என்ன?
– வாசகர், விழுப்புரம்

பதில்: மூன்று இடமும் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்திலேயே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சென்னையில் வீடு தேடும்போது முதலில் அலுவலகம், பிறகு அதைத் தொடும் ரயில் தடம், பிறகுதான் வீடு. பலர் சொந்தக்காரர் இருக்கிற பேட்டையில் வீடு பிடித்துவிட்டு, இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ என்று அல்லாடுகிறார்கள்.

ஆனால் ஒரே தடம் என்பதால் எல்லா நிலையமும் சமமில்லை. தாம்பரம் – கடற்கரை இடையே ரயில்கள் அடிக்கடி ஓடும். செங்கல்பட்டு வரை போய்த் திரும்புபவை அவற்றில் ஒரு பகுதிதான். கூடுவாஞ்சேரியில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரம் குரோம்பேட்டையில் இருப்பதைவிட அதிகம். உட்கார இடம் வேண்டும் என்றால் தாம்பரத்திலேயே புறப்படும் ரயிலைப் பிடிக்க வேண்டும். குரோம்பேட்டைக்கு வருவதற்குள் தாம்பரம், சானடோரியம் கூட்டம் ஏறியிருக்கும், நின்றுகொண்டுதான் போவீர்கள். ஆனாலும் அரை மணிக்குச் சற்று மேலான நிற்பு அது.

வண்டியில் இருக்கும் நேரம், காத்திருப்பு இரண்டையும் சேர்த்தால் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வழிக்கு 35 நிமிடம் கூடும் என்று வைப்போம். நாளுக்கு 70 நிமிடம்; 24 வேலை நாளுக்கு 28 மணி நேரம். 6,000 ரூபாய் வாடகை மிச்சத்தை 28-ஆல் வகுத்தால் மணிக்கு 214 ரூபாய். உங்கள் சம்பளத்தை மாத வேலை நேரம் 200-ஆல் வகுத்தால் மணிக்கு 200. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே வாடகை வித்தியாசத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. வீட்டிலிருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்பதே தீர்மானிக்கும். கூடுவாஞ்சேரி வீடு நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால் எடுக்கலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, புது லேஅவுட்டில் என்றால் விட்டுவிடுங்கள். வண்டி நிறுத்தக் கட்டணம், மழையில் சேறு, இரவு ஒன்பதுக்குமேல் ஆட்டோ என்று அந்த 6,000 கரைந்துபோகும்.

சோதித்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று ரயில்களும் குறைவு, பராமரிப்புப் பணிக்காக ரத்து செய்வதும் உண்டு, கூட்டமும் தெரியாது. திங்கள் காலை அந்த வீட்டு வாசலில் எட்டு மணிக்கு நின்று, அலுவலக வாசல் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். மாலை ஆறரைக்குத் திரும்பி வாருங்கள். ஒருநாள் போதும்.

சீசன் டிக்கெட் பஸ்ஸைவிட மிக மலிவு. மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான். அலுவலகம் மெட்ரோ தடத்தில் இருக்கிறவர்கள் தினமும் கவுன்டரில் டிக்கெட் வாங்க வேண்டாம். பயண அட்டையிலும் கைபேசியில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டிலும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்ய மாதப் பாஸ் 1,000, ஏ.சி. பேருந்தும் சேர்த்து 2,000. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும்தான், டீலக்ஸ், ஏ.சி. வண்டிகளில் இல்லை. வீட்டுப் பெண்களின் பயணச் செலவைப் பூஜ்யம் என்று போடும் முன், அந்தத் தடத்தில் சாதாரணப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று நின்று பாருங்கள்.

கேள்வி: வாடகை வீடு பார்க்கப் போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்? தரகர் பத்து நிமிடம்கூட நிற்கவிடுவதில்லை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பத்து நிமிடம் போதும், தண்ணீரில் தொடங்கினால். சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் சோப்பு போட்டுப் பாருங்கள். நுரை வராமல் திரிந்தால் அது கடினநீர். குளியலறைக் குழாயின் வாயிலும் ஷவரிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா பாருங்கள். கீசர் சீக்கிரம் பழுதாவதும் துணி மங்குவதும் அதனால்தான். பிறகு கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரிய) இணைப்பு உண்டா, போர்வெல்லா, லாரியா? பழைய மகாபலிபுரம் சாலையில் பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் நிற்கின்றன. லாரிக் காசு பராமரிப்புத் தொகைக்குள் அடங்கியதா, தனியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் தொகை ஏறும்.

அடுத்து மழை. வீட்டுக்காரர் ‘இங்கே தண்ணி நிக்காதுங்க’ என்றுதான் சொல்வார். எதிரில் இருக்கிற மளிகைக் கடைக்காரரிடம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். கை காட்டிச் சொல்லிவிடுவார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். சுவரின் அடியில் ஒரே மட்டத்தில் சுண்ணாம்பு உரிந்திருந்தாலோ, கீழே இரண்டடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் பளிச்சென்று இருந்தாலோ காரணம் கேளுங்கள்.

மின்சாரத்தில் ஒரு முக்கியமான விஷயம். உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் போட்டிருக்கிறாரா என்று மீட்டர் பெட்டியில் பாருங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் உங்களுக்கு இலவசம். துணை மீட்டர் என்றால் அது கிடைக்காது. யூனிட்டுக்கு அவர் சொல்கிற விலைதான். தனி இணைப்பிலும் இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் விலைப் படிகளே மாறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், நூறுக்கு மேற்பட்ட முதல் யூனிட்டுகளுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். கோடையில் ஏ.சி. ஓடுகிற வீடுகளில் ரசீது திடீரென்று குதிப்பது இதனால்தான்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் சட்டப்படி சரியா? 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்கிறாரே வீட்டுக்காரர்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது அதன் விதி. ‘வேறு விதமாக’ என்ற அந்தச் சொல்லில்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது: நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம். ஆகவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிற வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், குறிப்பாக வீடு ஓரிரு மாதம் காலியாகக் கிடந்தால்.

11 மாதம் என்றாலும் எழுத்து ஒப்பந்தம் செய்து, வாடகை அதிகார அமைப்பிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதே இந்தச் சட்டம் சொல்வது. இதற்கென்று இணையதளம் இருக்கிறது. பதிவு எண் கையில் இருந்தால் நாளைக்குத் தகராறு வந்தால் அந்த அமைப்பிடமே போகலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ‘பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்போம்’ என்பது சென்னையில் வழக்கமாகிவிட்டது. எத்தனை ஆண்டு இருந்தால் எவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்துவிடுங்கள். அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். குடியேறும் நாளில் எல்லா அறையையும் சுவர், குழாய், சுவிட்ச் தெரியும்படி வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஒரகடத்தில் கைக்கு 17,000 சம்பளத்தில் வேலை. தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் போய்வரலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: கம்பெனி பஸ் தாம்பரம் வருகிறதா, உங்கள் மூன்று ஷிஃப்டுக்கும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். பகல் ஷிஃப்டுக்கு மட்டும் வந்தால், இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவதிப்படுவீர்கள். படப்பை, ஒரகடம் பக்கம் நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்தால் வாடகை பங்குக்கு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறில் அடங்கும். பிறகு, நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்: தொழிற்சாலையின் பெயரா, ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் பெயரா? ஒப்பந்ததாரர் என்றால் முதல் மூன்று மாதமும் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். அட்டையில் மருந்தகத்தை நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடிப்பது 17,000-க்குள்ளா, அதற்கு வெளியிலா என்றும் கேட்டுவிடுங்கள். வேலை வாங்கித் தர யாராவது பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஊரை விட்டுக் கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் எவை?
– வாசகி, சிவகாசி

பதில்: இரண்டு வேலையை ஊரில் இருக்கும்போதே முடித்தாக வேண்டும், போன பிறகு செய்ய மறுபடி பயணம் வைக்க நேரும். சமையல் எரிவாயு முகவரிடம் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பை முடித்ததற்கான ரசீது (டெர்மினேஷன் வவுச்சர்) வாங்குங்கள். டெபாசிட் பணம் திரும்ப வரும். அந்த ரசீதைச் சென்னை முகவரிடம் காட்டி, அப்போதைய டெபாசிட்டைக் கட்டிப் புது சிலிண்டர் வாங்கலாம். எரிவாயு உள்ள சிலிண்டரைச் சாமானோடு லாரியில் ஏற்றாதீர்கள், ஆபத்து. இன்னொன்று பிள்ளைகளின் பள்ளி. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் குழந்தையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விட்டுவிட்டார்களா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய பள்ளி விடாமல் வைத்திருந்தால் புதிய பள்ளியால் சேர்க்கையை ஏற்ற முடியாது. கட்டணப் பாக்கி ஏதாவது நிலுவையில் இருந்தால் இந்த இடத்தில்தான் இழுத்தடிப்பார்கள், ஆகவே ஏப்ரலிலேயே பாக்கியைத் தீர்த்து ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.